நாற்பத்தேழாம் பக்கத்து இடி

"பனி கொட்டும்போது இடி இடிக்குமா, இடிக்காதா? நீ சொல்லு."

என்னைப் பெண் பார்க்க வந்தவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான். சமைப்பாயா என்று கேட்கவில்லை, பாடுவாயா என்று கேட்கவில்லை. எதைக் கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. அம்சாவுக்கு வாய் பேச வராது என்று திண்டிவனத்தில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேருக்கு அம்சா என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. அது ஒரு டீக்கடையின் பெயர் என்று நினைத்தார்கள்.

அப்படி நினைத்ததிலும் தப்பில்லை. ஸ்டேஷன் ரோட்டில் என் அப்பா சுப்பராயலு நடத்திய கடைக்குப் பெயர் 'அம்சா டீ கிளப்'. நான் பிறந்த வருஷம் திறந்த கடை. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்தப் போர்டின் முதல் மூன்று எழுத்துகள். பொங்கலுக்குப் பெயின்டர் ஏணியில் ஏறிப் புதுப்பிக்கும்போது கீழே நின்றுகொண்டு, "அந்தக் கடைசி எழுத்துக்குக் கால் சின்னதா இருக்குது பாரு" என்று குறை சொல்லும் அளவுக்குத் தெரியும்.

கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு என் இடம் அந்தத் தட்டிக்குப் பின்னால்தான். அங்கே உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன், வடைக்கு அரைத்தேன், கடையில் பேசுகிற பேச்செல்லாம் கேட்டேன். கேட்டதைச் சும்மா விடுவதில்லை, எழுதி வைப்பேன். அது மட்டும் யாருக்கும் தெரியாது.

பெண் பார்க்க வந்தவர் பெயர் நடராசன். விக்கிரவாண்டிக்காரர். என் அம்மா வீரம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன். பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறார். சீனாக்காரன் சண்டை முடிந்து வந்த மாசியில் லீவுக்கு வந்திருந்தார். இடது காலில் சுண்டுவிரல் இல்லை. பனி கடித்துவிட்டது என்றார். எங்கள் ஊரில் கடிக்கிற வஸ்துக்கள் நிறைய உண்டு. பனி அந்தக் கணக்கில் இல்லை. அதனால் அவர் கடைக்குள் வந்தால் எல்லோரும் முதலில் குனிந்து காலைப் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தை.

ஒரு நாள் காலையில் குதிரை வண்டிக்காரர் சக்கரபாணி அவரைக் கிளறிவிட்டார்.

"பனின்னா எப்பிடிப்பா? நம்ம மார்கழில புல்லு மேல நிக்குதே, அந்த மாதிரியா?"

"அது இல்லண்ணே. இது பஞ்சு. மேல யாரோ இலவம்பஞ்சு மெத்தையக் கிழிச்சி ஒதறிக்கினே இருந்தா எப்பிடி இருக்கும், அப்பிடி. ரோடு தெரியாது. முன்னால நிக்கிற வண்டி தெரியாது. கைய நீட்டினா விரல் தெரியாது."

"ஒனக்குத்தான் விரலே இல்லியே."

"அது கால் விரல்ணே. சொல்றதக் கேளுங்க. காஷ்மீருக்கு அந்தாண்ட மலைப்பாதை. பதினாலு லாரி வரிசையா நின்னுக்கினு இருக்கோம். போவ முடியல, திரும்ப முடியல. அப்பதான் மின்னிச்சி."

நான் வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

"நம்ம ஊரு மின்னல் கோடு கோடா வரும். இது கோடு இல்ல. சுத்திலும் கொட்டுற பஞ்சு பூரா ஒரே நேரத்துல பத்திக்கின மாதிரி, மேல, கீழ, பக்கத்துல, எல்லாம் வெளிச்சம். வெளிச்சத்துக்கு உள்ள நாம நிக்கிறோம். அப்பால இடி. அதுவும் நம்ம ஊரு இடி மாதிரி உருண்டுக்கினு போவல. மெத்தைக்குள்ள வெச்சி உலக்கையால அடிச்ச மாதிரி தொம்முன்னு ஒண்ணு. அவ்ளோதான்."

"சீனாக்காரன் குண்டா இருக்கும்பா."

"அப்பிடித்தான் எல்லாரும் நெனைச்சானுங்க. பதிமூணு டிரைவரும் குதிச்சி லாரிக்கடியில பூந்துட்டான். நான் மட்டும் எறங்கல."

"அவ்ளோ தைரியமா?"

"தைரியம் இல்லண்ணே, பழக்கம். அது பாட்டுக்கு வாயில 'அர்ஜுனா, அர்ஜுனா'ன்னு வந்திடுச்சி."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. இடி இடித்தால் நாங்களும் அதைத்தான் சொல்வோம். பாரதக் கூத்தில் வில்லை வளைக்கிறவன் பெயரைச் சொன்னால் இடி பக்கத்து ஊருக்குப் போய்விடும். பக்கத்து ஊர்க்காரர்களும் அதையே சொல்வதால் இடி எங்கே போய் விழுகிறது என்று யாரும் விசாரித்ததில்லை.

"அப்புறம்?"

"எங்க அவுல்தாரு பேரு அர்ஜுன் சிங். பஞ்சாபிக்காரன், ஆறே கால் அடி. தன்னைத்தான் கூப்புடறான்னு நெனைச்சிக்கினு, பனியில விழுந்து எழுந்து ஓடியாந்து, லாரிக் கதவத் தொறந்து 'க்யா ஹை, க்யா ஹை'ன்றான். நான் இன்னான்னு சொல்றது? ஒண்ணும் சொல்லல. ஆபத்துல ஒரு மதராசி நம்ம பேரச் சொல்லிக் கூப்புட்டானேன்னு அவனுக்கு சந்தோஷம் தாங்கல. அன்னையிலருந்து எனக்கு மட்டும் ரெண்டு ரொட்டி ஜாஸ்தி."

இப்போது சிரித்தார்கள். சக்கரபாணிக்கு டீ புரையேறியது. அங்கேதான் வினை பிடித்தது. கதை ரொம்ப நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருக்கிற எதையும் எங்கள் ஊரில் நிஜம் என்று நம்ப மாட்டார்கள்.

மூலை மேஜையில் ஒரு கனைப்புக் கேட்டது. வேங்கடேசன் சார். எட்டாம் வகுப்பில் எனக்குப் பூகோளம் எடுத்தவர்.

"பனியில இடி இடிக்காது" என்றார்.

"நான் பாத்தேன் சார்."

"நீ பாத்திருக்கலாம். ஆனா இடிக்காது. இடிக்கு உஷ்ணம் வேணும். பனிக்குக் குளிர் வேணும். ரெண்டும் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணாது. இருபத்திரண்டு வருஷமா பூகோளம் எடுக்கிறேன். என் நோட்ஸ்லயே இல்ல."

உலகத்தில் ஒன்று உண்டா இல்லையா என்பதற்குச் சாரிடம் இருந்த ஒரே சாட்சி அந்த நோட்ஸ்தான். அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சார் பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை. வகுப்புக்கு வந்ததும் கக்கத்திலிருந்து நோட்ஸை எடுத்து, குரல் கணீரென்று இருக்கிற யாரிடமாவது கொடுப்பார். எங்கள் வருஷம் கிருஷ்ணவேணி. அவள் படிப்பாள், நாங்கள் எழுதுவோம், சார் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும் என்பது உத்தரவு. நடுவில் விழித்துக்கொண்டு சார் ஏதாவது சொன்னால் அதையும் எழுதினோம். "கிருஷ்ணா நதி மகாபலேசுவரத்தில் உற்பத்தியாகிறது. ஜன்னலைச் சாத்து. இது கிழக்கு நோக்கிப் பாய்கிறது" என்று நோட்ஸ் போகும்.

இந்த 'ஜன்னலைச் சாத்து' எங்களுடையது அல்ல. எங்களுக்குப் பல வருஷம் முந்தி ஏதோ ஒரு மழை நாளில் சார் சொல்லியிருக்கிறார், யாரோ எழுதியிருக்கிறார்கள், அதைப் பார்த்து அடுத்த வருஷப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். அப்படியே வருஷா வருஷம் அந்த ஜன்னல் சாத்தப்பட்டுக்கொண்டே வந்தது. பத்துப் பன்னிரண்டு இடத்தில் வரும். பரீட்சையிலும் எழுதினோம். மார்க் குறையவில்லை.

வருஷக் கடைசியில், இருப்பதிலேயே நல்ல கையெழுத்து உள்ள நோட்டைச் சார் வாங்கிக்கொள்வார். அடுத்த வருஷத்துக்கு அதுதான் நோட்ஸ். பழையது அதற்குள் மெலிந்துபோயிருக்கும். காரணம் மூக்குப்பொடி. மட்டையில் வாங்குகிற பொடியை அன்றாடம் கொஞ்சம் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். காகிதம் நோட்ஸிலிருந்து வரும். இப்படி ஒரு வருஷம் ஆஸ்திரேலியா முழுவதும் சாரின் மூக்கு வழியாகப் போய்விட்டது. எங்கள் வகுப்புக்கு அப்படி ஒரு கண்டம் இருப்பது தெரியாது.

எங்கள் வருஷம் அவர் வாங்கிக்கொண்டது என் நோட்டு. அதற்கு மேல் நல்ல கையெழுத்து கிடைக்காததால் நாலு வருஷமாகியும் அதுவேதான் நோட்ஸ். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருந்தேன். கொடுத்த அன்றைக்கே, என் கண் முன்னால், நடுவிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பொடி மடித்தார். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டாம் பக்கம். இடியும் மின்னலும் என்ற பாடம். அதில் மஞ்சள் பென்சிலால் ஒரு மின்னல் போட்டிருந்தேன். அது நாலாக மடிந்து அவருடைய பைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

அதே வாரம் அப்பா சாரிடம் போய், "பொண்ண மேல படிக்க வெக்கலாமா சார்?" என்று கேட்டார்.

"வாயே தெறக்கலியேப்பா. படிப்பு ஏறாது. வீட்டு வேலை பழக்கு" என்றார் சார், என் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

கடையில் அந்த இடிப் பேச்சு நடந்த பத்தாம் நாள் நடராசனும் அவருடைய அம்மா சின்னபொண்ணுவும் பெண் பார்க்க வந்தார்கள். படித்த மனிதர் ஒருவர் கூட இருக்கட்டும் என்று அப்பா சாரையும் அழைத்து உட்காரவைத்திருந்தார். நான் டம்ளர் தட்டோடு வந்து நின்றேன்.

"பொண்ணுகிட்ட ஏதாவது கேக்கணும்னா கேளு தம்பி" என்றார் அப்பா.

அப்போதுதான் நடராசன் அந்த இடிக் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

எனக்கு அதுதான் புதுசு. என்னிடம் கேள்வி கேட்பவர்கள் பதிலையும் அவர்களே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் போகவில்லை. டீயில் ஆடை கட்டும் வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லப்போவது ஏதோ ஒரு விஷயம் என்பது மாதிரி. இந்த மனிதர்தான் எனக்கு வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. 'இடிக்கும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு எழும்பவில்லை. தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

"அதுக்கு இன்னா தெரியும் பாவம்" என்று சார் சொல்வது பின்னால் கேட்டது.

அவர்கள் பஸ் ஏறியதும் அப்பா, "இது வேணாம்" என்றார்.

"ஏன், பையனுக்கு இன்னா கொறைச்சல்? ஒரு விரல்தான் கொறைச்சல்" என்றாள் அம்மா.

"விரல் போனாப் போவுது. வாய் சரியில்ல. ஒரு புளுகனுக்குப் பொண்ணக் குடுத்தது போதும்."

புளுகன் என்றது விழுப்புரத்தில் இருக்கும் என் அக்காவின் புருஷன் சீனுவாசனை. ரயில்வேயில் கார்டு என்று சொல்லித்தான் அக்காவைக் கட்டிக்கொண்டார். கல்யாணமாகி மூன்றாம் மாதம் நாங்கள் ரயிலில் போகும்போது, விழுப்புரம் ஜங்ஷனில் அம்மா தாகம் என்று ஜன்னல் வழியாகக் கூஜாவை நீட்டினாள். பித்தளை வாளியோடு ஓடிவந்து தண்ணீர் ஊற்றியவர் எங்கள் மாப்பிள்ளை. கூஜா நிரம்பி வழிந்து அம்மாவின் புடவை நனையும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தார். அம்மாவும் கையை இழுக்கவில்லை. கடைசியில், "வண்டி கெளம்பப் போவுது அத்தை" என்றார். கார்டு மாதிரி அவர் பேசிய ஒரே பேச்சு அதுதான். அக்கா ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அப்பாவுக்கு அன்றிலிருந்து பொய் என்றால் பாம்பைக் கண்ட மாதிரி.

"வாத்தியாரு இல்லன்னு சொல்லிட்டாரு. படிச்சவரு. தம்பி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வரேன்னுது. வந்தா நேராவே சொல்லி அனுப்பிடறேன்" என்றார் அப்பா.

அன்றைக்குத் திங்கட்கிழமை.

செவ்வாய் முழுவதும் யோசித்தேன். நிஜத்தைச் சொன்னவர் ஒருத்தர். அவர் பார்த்ததை யாரும் நம்பவில்லை. நோட்ஸில் இருந்தால் நம்புவார்கள். நோட்ஸ் சாருடையது. ஆனால் கையெழுத்து என்னுடையது. அதில் ஒரு தாள் இல்லை என்பதும், எந்தத் தாள் இல்லை என்பதும், உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை மத்தியானம், கடை ஓய்ந்திருந்த நேரத்தில், என் பழைய ஏழாம் வகுப்பு நோட்டிலிருந்து எழுதாத தாள் ஒன்றைக் கிழித்தேன். மூலையில் 47 என்று போட்டேன். எட்டாம் வகுப்புக் கையெழுத்து இப்போதைய என் கையெழுத்தை விடக் குண்டாக இருக்கும். அப்படியே எழுதினேன்:

'இடியும் மின்னலும் (தொடர்ச்சி). மழைக்காலத்தில் மட்டுமின்றிப் பனிப்புயலின்போதும் இடி மின்னல் உண்டாகும். இது அரிதாக நிகழ்வதாகும். அப்போது மின்னல் கோடாகத் தோன்றாமல் சுற்றிலும் ஒரே வெளிச்சமாகத் தோன்றும். ஜன்னலைச் சாத்து. இடியின் ஓசை மெத்தைக்குள் வைத்து அடித்ததுபோல் அமுங்கிக் கேட்கும். பனியானது ஓசையை உறிஞ்சிக்கொள்வதே இதற்குக் காரணமாகும். காஷ்மீரம் முதலிய இடங்களில் காணலாம். முக்கியம். பரீட்சைக்கு வரும்.'

அந்தக் காரணம் நானாகப் போட்டது. காரணம் இல்லாவிட்டால் நோட்ஸ் மாதிரி இருக்காது. பின்பக்கத்தில் 48 என்று எழுதி, ஒரு மஞ்சள் மின்னலைப் பெரிதாகப் போட்டேன். பிறகு தாளை ஒரு தட்டில் வைத்து, வடித்த டிகாஷனை ஒரு கரண்டி எடுத்து மேலே விட்டுக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள்.

"இன்னாடி, பேப்பருக்கு டீ ஊத்துற?"

அம்மாவுக்குப் படிக்கத் தெரியும், எழுத்துக்கூட்டி. தட்டின் மேல் குனிந்து பாதி மட்டும் படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"இது வாத்தியாரு கிழிச்ச தாளா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"பொடி மடிச்சித் தூக்கிப் போட்டதா? நீ எடுத்து வெச்சிருந்தியா?"

ஆட்டினேன்.

"அப்ப பொடி வாசனை வேணாமா?" என்று சொல்லிவிட்டு, இடுப்பு மடியிலிருந்து ஒரு பொடி மட்டையை எடுத்தாள். பதினேழு வருஷம் அந்த இடுப்பில் உட்கார்ந்தும், பக்கத்தில் படுத்தும் வளர்ந்திருக்கிறேன். அம்மா பொடி போடுவாள் என்று எனக்குத் தெரியாது. "ஒங்கப்பாகிட்ட சொன்னே, தொலைச்சிடுவேன்" என்றாள். இரண்டு சிட்டிகை தூவினாள். "நாலா மடி. இப்ப இல்லடி, காய்ஞ்சப்பறம். ஈரமா மடிச்சா இங்க்கு ஒட்டிக்கும்."

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு சார் வந்தார். கக்கத்தில் வழக்கம்போல நோட்ஸ். மூலை மேஜையில் உட்கார்ந்து டீ சொன்னார். சக்கரபாணி ஏற்கெனவே இருந்தார். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நடராசன் வந்தார். அப்பா கல்லாவை விட்டு எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மனசுக்குப் பிடிக்காததைச் சொல்வதற்கு முன்னால் அவர் செய்கிற காரியம் அது.

"தம்பி, நான் சுத்தி வளைக்கல..."

"இரு" என்று தட்டியை விலக்கிக்கொண்டு அம்மா கடைக்குள் போனாள். "வெங்காயக் கூடைய ஒதறினேன். அடியில இது கெடந்துது. அம்சா எட்டாவது படிக்கறப்ப சாரு பொடி மடிச்சிட்டுத் தூக்கிப் போட்டாராம். பாடமாச்சேன்னு பொண்ணு எடுத்தாந்து வெச்சிருக்குது. இதுல இடின்னு என்னமோ எழுதியிருக்குது. யாராவது படிங்க, எனக்குக் கண்ணு தெரியல."

பக்கத்தில் நின்ற நடராசனிடமே தாளைக் கொடுத்தாள். அவர் பிரித்தார். ஒரு தும்மல் போட்டார். படிக்க ஆரம்பித்தார்.

முதல் இரண்டு வரியைச் சத்தமாகப் படித்தார். 'கோடாகத் தோன்றாமல்' என்று வந்ததும் குரல் மெதுவானது. 'ஜன்னலைச் சாத்து' என்று படித்தபோது சார் டம்ளரைக் கீழே வைத்தார். 'மெத்தைக்குள் வைத்து' என்ற இடத்தில் நடராசன் நின்றேவிட்டார். தலையைத் தூக்கித் தட்டியைப் பார்த்தார். தட்டியில் நான் கண் வைக்கிற ஓட்டை எது என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, நேராக அதையே பார்த்தார். பிறகு குனிந்து மீதியைப் படித்து முடித்தார்.

"பரீட்சைக்கு வேற வருமாம்" என்றார் சக்கரபாணி.

"கொண்டா அத" என்று சார் தாளை வாங்கினார். முதலில் மோந்து பார்த்தார். அந்த வாசனை அவரைக் கொஞ்சம் குழப்பியது. திருப்பிப் பார்த்தார். "இப்பிடி ஒண்ணு நான் சொன்னதே இல்ல" என்றார். ஆனால் அந்த 'இல்ல'வில் பழைய பலம் இல்லை. சொன்னோமா, சொல்லவில்லையா என்று தேடுகிறார். தேடுகிற இடமெல்லாம் தூக்கமாக இருக்கிறது. அது முகத்திலேயே தெரிந்தது.

"ஜன்னலு உங்களுதுதான் சார்" என்றார் சக்கரபாணி. "எம் புள்ளகூட வீட்டுல படிக்கும். கங்கை, யமுனை, ஜன்னலைச் சாத்துன்னு. நானும் ரெண்டு தரம் எழுந்து போய் சாத்தியிருக்கேன்."

"என் நோட்ஸ் இதோ இருக்குது. இதுல இருந்தா ஒத்துக்கறேன்" என்று சார் கக்கத்திலிருந்து எடுத்து மேஜையில் அடித்துப் பிரித்தார். எல்லோரும் குனிந்தார்கள். நடராசன் பக்க எண்ணைப் படித்தார். நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. அடுத்தது நாற்பத்தொன்பது, எரிமலைகள்.

சக்கரபாணி தாளை எடுத்து நடுவில் வைத்தார். கிழிசல் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. ஆனால் பொருந்த வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பார்த்தவர்களுக்குப் பொருந்தியது.

"அச்சா ஒக்காருது" என்றார்.

அப்பா பக்கத்தைப் பார்க்கவில்லை. எழுத்துத் தெரியாதவருக்கு அதில் என்ன இருக்கிறது? அவர் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, நிமிர்ந்திருந்த மேலட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று படியிறங்கி ரோட்டுக்குப் போனார். கடைக்கு எதிரே நின்று அண்ணாந்து போர்டைப் பார்த்தார். வேர்க்கடலை மூட்டை ஏற்றிய வண்டிக்காரன் ஒருவன் ஒதுங்கச் சொல்லிக் கத்தினான்; ஒதுங்கவில்லை. திரும்ப உள்ளே வந்தார்.

"சார், அந்த அட்டைய இப்பிடித் திருப்புங்க."

சார் திருப்பவில்லை. அப்பாவே திருப்பினார். மூன்று எழுத்தின் மேலும் விரலை வைத்தார், ஒவ்வொன்றாக.

"இது எம் பொண்ணு பேரு."

அட்டையை ஒரு தரம் உள்ளங்கையால் தடவினார்.

"இது எம் பொண்ணு நோட்டு. நாலு வருஷமா இத வெச்சிக்கினுதான் எல்லாப் புள்ளைக்கும் பாடம் சொல்றீங்களா?"

சார் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"படிப்பு ஏறாதுன்னீங்களே சார்" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. சில்லறை தவறிவிட்டது மாதிரி, ஏதோ விட்டுப்போனதைத் தேடுகிற குரலில் சொன்னார். "நீங்க சொன்னீங்கன்னு நான் நிறுத்திட்டேனே."

பிறகு நடராசன் பக்கம் திரும்பினார்.

"இடிக்கும் தம்பி. எம் பொண்ணு எழுதியிருக்குது இல்ல, அப்ப இடிக்கும்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது நடராசன், "மாமா, ஒரு நிமிஷம்" என்றார். தாளை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்லிடறேன். இந்தத் தாளுல இருக்கறது..."

உண்மை பேசுகிறவர்களிடம் இதுதான் தொந்தரவு. எங்கே நிறுத்துவது என்று தெரியாது. இன்னும் நாலு வார்த்தை பேசினால் அவரும் போவார், நானும் போவேன், அம்மாவின் பொடி மட்டையும் போகும். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இடிக்கும்" என்றேன்.

சத்தம் எவ்வளவு வரும் என்று பழக்கம் இல்லாததால் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. வெளியே சக்கரபாணியின் குதிரை தலையைத் தூக்கியது. கடையில் எல்லோரும் தட்டியைப் பார்த்தார்கள்.

"யாரது?" என்றார் சக்கரபாணி.

"எம் பொண்ணு" என்றார் அப்பா.

நடராசன் வாயை மூடிக்கொண்டார். திங்கட்கிழமை கேட்ட கேள்விக்கு வெள்ளிக்கிழமை பதில் வந்துவிட்டது என்பது அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. தாளைப் பழைய மடிப்பிலேயே நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இடிக்கும்னுதான் நானும் சொல்ல வந்தேன் மாமா" என்றார். அவர் சொன்ன முதல் பொய் அது. நன்றாகத்தான் சொன்னார்.

"ஜல்தி அம்மாவ அழைச்சிக்கினு வாங்க தம்பி. ஞாயித்துக்கிழமை தாம்பூலம் மாத்திக்கலாம்" என்றார் அப்பா. "வீரம்மா, எல்லாருக்கும் டீ போடு. சக்கரை கூடப் போடு."

அம்மா சாருக்கும் ஒன்று கொண்டுபோய் வைத்தாள். சார் அதைத் தொடவில்லை. பழக்கத்தில் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பொடி மடிப்பை எடுத்தார். பிரித்தார். இரண்டு விரலால் பொடியைக் கிள்ளப் போனவர், காகிதத்தைப் பார்த்து நின்றார். குண்டுக் கையெழுத்து. தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. கோதாவரியின் கிளை நதிகள்.

அதைத் திரும்ப மடித்தார். பொடி சிந்தாமல் மெதுவாக மடித்தார். என் நோட்டின் மேல் வைத்தார். நோட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.